சனிக்கிழமைச் சாட்சி

கொடைக்கானல் ஏரிக்கு மேலே மேட்டில் இருந்த மிஷன் விடுதியில் சோலையம்மாள் துணி வெளுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஞானஸ்நானம் வாங்கியதும் அதே வருஷம்தான். புருஷன் செல்லப்பாண்டி வாங்கவில்லை. அவன் விடுதிக்கு விறகு வெட்டிப் போடுகிறவன். "நீ கும்பிட்டுக்க புள்ள, நான் குறுக்கே நிக்கல. என்னய விட்ரு" என்று சொல்லிவிட்டான்.

விடுதியை நடத்தியவள் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா. வேதத்தைப் படித்தே தமிழ் கற்றவள். கறிக்கடைக்காரனிடம்கூட அதே தமிழில்தான் பேசுவாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவளே கஞ்சி எடுத்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் வேலைக்காரர்களைக் கூட்டி உட்காரவைப்பாள். அந்த வாரம் செய்த வேலையில் ஆண்டவர் என்ன பாடம் காட்டினார் என்று ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சமையல்காரர் வருஷம் முழுக்க உப்பைப் பற்றியே சொல்வார். தோட்டக்காரர் முறை வருவதற்குள் இருமிக்கொண்டே வெளியே நழுவிவிடுவார்.

சோலையம்மாளுக்கு மட்டும் அது தானாக வந்தது. கறை படிந்த மேஜைவிரிப்பை வெந்நீரில் அமுக்கும்போதே மனசுக்குள் பேச்சு ஓடத் தொடங்கிவிடும். அவள் சொல்லி முடிக்கையில் மிஸ்ஸியம்மாவின் கண் கலங்கியிருக்கும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் பேச, ஒரு கூடமே வாய் மூடிக் கேட்பது அவளுக்குப் பெரிய காரியமாக இருந்தது. ஆனால் பெருமைக்காகச் சொன்னதில்லை. நம்பித்தான் சொன்னாள்.

மழைக்காலத்தில் அந்த ஊரில் வெளியே துணி காயாது. கொல்லைப்பக்கம் ஒரு சின்ன அறைக்குள் கொடி கட்டி, கீழே சட்டிகளில் கரித்தணல் வைத்து உலர்த்துவார்கள். ஒரு சனிக்கிழமை அதைப் பற்றித்தான் சோலையம்மாள் பேசினாள். "அந்த ரூமுக்குள்ள போனா கரி நெடி தலையச் சுத்துதுங்க. வெளிய ஓடிரலாம்னு வருது. ஆனா அந்த அனல்லதான் துணி காயுது. நம்ம படுற பாடும் அப்படித்தான்னு ஆண்டவர் எனக்குக் காட்டுனாருங்க."

மிஸ்ஸியம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுதி மேனேஜர் ஏசடியான்கூட 'ஆமென்' என்றார்.

அந்த ஐப்பசியில் விடுதியில் ஒரு மாநாடு நடந்தது. வந்தவர்கள் படுக்கைவிரிப்பில் ஈரவாடை அடிக்கிறது என்று முகம் சுளித்தார்கள். உலர்த்தும் அறையின் கூரைக்குக் கீழே இருந்த காற்றோட்டைகள் வழியாகத்தான் பனிமூட்டமான மஞ்சு உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்த மேனேஜர், பலகை வைத்து ஆணி அடித்து அவற்றை அடைத்துவிட்டார்.

சோலையம்மாளுக்குத் துணையாக அப்போது பொன்னுத்தாய் வேலை பார்த்தாள். செல்லப்பாண்டியின் தங்கை. சொந்த ஊரான வெள்ளகவியில் தாய் தகப்பன் போன பிறகு தனியாகக் கிடந்தவளை, சோலையம்மாள்தான் மலையேற்றிக் கொண்டுவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டாள். உலர்த்தும் அறையில் தணலைப் பார்த்துக்கொள்வது அவள் சோலி.

"மதினி, அந்த ரூமுக்குள்ள நிக்க முடியல. தலை கல்லு மாதிரி கனக்கு. வாந்தி வாந்தியா வருது" என்றாள் பொன்னுத்தாய்.

சோலையம்மாள் மேனேஜரிடம் போனாள். "ஐயா, ஒரு பலகையாச்சும் பிடுங்கி விடுங்கய்யா. புள்ள மயங்குது."

ஏசடியான் கோபிக்கவில்லை. சிரித்தார். "என்ன சோலையம்மா, நீ சொன்ன சாட்சி உனக்கே மறந்துபோச்சா? நெடி இருந்தாத்தான் துணி காயும்னு நீதான சொன்ன? மாநாடு முடியட்டும், பாப்போம்."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுபடி கேட்டால், தான் சொன்னதைத் தானே நம்பாதவள் என்று ஆகிவிடுமோ என்று தோன்றியது. திரும்பி வந்து, "ரெண்டு நாளு பொறுத்துக்க. அப்பப்ப வெளிய வந்து நில்லு" என்றாள். பொன்னுத்தாய் தலையாட்டினாள்.

மறுநாள் மத்தியானம் மழை கொட்டியது. இஸ்திரி போட விரிப்பு எடுக்கப் போன சோலையம்மாள் கதவைத் திறந்தபோது, பொன்னுத்தாய் மடித்து வைத்த விரிப்புகள்மேல் கவிழ்ந்து கிடந்தாள். அசந்து தூங்குகிறாள் என்று நினைத்து, "ஏ புள்ள, எந்திரி" என்று தோளைத் தட்டினாள். பிறகு வெளியே இழுத்துப்போட்டு, மழையிலேயே அவள் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு கத்தினாள். ஓடிவந்த டாக்டருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

செல்லப்பாண்டி அழவில்லை. விடுதியில் கொடுத்த புது விரிப்பை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தன் வேட்டியில் தங்கையைச் சுற்றினான். உறவுக்காரர்கள் தூளி கட்டி, ஒற்றையடிப்பாதையில் வெள்ளகவிக்குச் சுமந்து இறங்கினார்கள்.

சனிக்கிழமை வந்தது. சோலையம்மாள் போகாமல் இருந்திருக்கலாம். மிஸ்ஸியம்மாவே வீடு தேடி வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டதால் போனாள்.

மிஸ்ஸியம்மா நெடுநேரம் ஜெபம் செய்தாள். அழுதாள். அது நிஜமான அழுகை. பிறகு, "சோலையம்மாளே, இந்தத் துக்கத்தின் நடுவிலே கர்த்தர் உனக்கு என்ன போதித்தார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சோலையம்மாள் எழுந்தாள். எல்லாரும் வழக்கம்போல அவள் வாயைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் போதிக்கலைங்கம்மா. ரெண்டு பலகையப் பிடுங்கியிருந்தா அவ செத்திருக்க மாட்டா. அம்புட்டுத்தான்."

"எந்தப் பலகை?" என்றாள் மிஸ்ஸியம்மா. அவளுக்கு அதுவரை தெரியாது. சோலையம்மாள் சொன்னாள். மஞ்சை, ஆணியை, தான் போய்க் கேட்டதை, மேனேஜர் சொன்ன பதிலை எல்லாம் சொன்னாள். மேனேஜர் தரையைப் பார்த்தபடி, "துக்கத்துல பேசுதும்மா" என்றார்.

மிஸ்ஸியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சோலையம்மாள் காத்திருந்தாள். அந்த அம்மாள் இப்போதாவது மேனேஜரை ஒரு வார்த்தை கோபமாகச் சொல்வாள் என்று நினைத்தாள். ஆனால் மிஸ்ஸியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் இதுவே நமக்குப் பாடம். மன்னிப்பு. மகளே, எங்கள் எல்லாருக்கும் முன்பாக நீ இவரை மன்னிப்பாயா?" என்றாள்.

"மன்னிக்கிறதுக்கு அவரு இன்னும் கேக்கவே இல்லையேம்மா" என்றாள் சோலையம்மாள்.

ஏசடியான் தலை நிமிரவில்லை. யாரோ அவசரமாக ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்தார்கள். எல்லாரும் பாடினார்கள்.

திங்கட்கிழமை பலகைகளைப் பிடுங்கிவிட்டார்கள். சோலையம்மாளுக்கு அந்த அறையைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும் என்று சொல்லி, அவளைச் சமையல்கட்டுக்கு மாற்றினார்கள். அதன்பிறகு கூட்டத்தில் அவளை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

சீசன் தொடங்கியபோது விடுதி நிறைந்தது. ஒரு நாள் டீத்தட்டுடன் முன்கூடத்துக்குப் போனாள். வேலூரிலிருந்து வந்திருந்த தமிழ் அம்மாமார்களிடம் மிஸ்ஸியம்மா பேசிக்கொண்டிருந்தாள். தன் வேலையில் கடைசி மூச்சுவரை உண்மையாயிருந்த ஒரு பெண்ணைப் பற்றிய கதை. அந்தப் பெண்ணின் மதினி, படிப்பறிவில்லாத ஒரு வண்ணாத்தி, சபைக்கு முன்பாக எழுந்து நின்று மேனேஜரை முழு மனதோடு மன்னித்தாளாம். "இவள்தான்" என்று மிஸ்ஸியம்மா அன்பாகக் கை காட்டினாள். அம்மாமார்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டாள்.

சோலையம்மாள் தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"நான் மன்னிக்கலைங்க" என்றாள். "அம்மா தப்பாச் சொல்றாங்க."

அப்படியே நடந்து, பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அங்கே வேலைக்குப் போகவில்லை.

பஜாரில் பூண்டு வியாபாரி பஷீர் அகமதுவின் சரக்குக் கிட்டங்கியில், கிளாவரை மலைக்கிராமத்திலிருந்து கழுதைமேல் வந்து இறங்கும் பூண்டைத் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்கு மட்டும் போனாள். "இன்னுமா போற?" என்று செல்லப்பாண்டி கேட்டான். "ஆண்டவருகிட்ட எனக்குச் சண்டை கெடக்கு. போகாம எப்படிப் போடுறது?" என்றாள்.

அடுத்த வருஷம் ஏசடியானுக்கு மதுரைக்கு மாற்றலாயிற்று. அங்கே பெரிய விடுதியில் பெரிய பொறுப்பு. பஸ் ஏறப் போகிறவர், பெட்டியைச் சுமைக்காரனிடம் கொடுத்துவிட்டுக் கிட்டங்கி வாசலில் வந்து நின்றார். நரைத்திருந்தார்.

"போயிட்டு வாரேன் சோலையம்மா."

"சரிங்கய்யா."

அவர் போகவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் பூண்டைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் உதடு அசைந்தது. கீழே பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

"உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஏசடியான் படியிறங்கினார்.

அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று சோலையம்மாளுக்கே தெரியவில்லை. பஸ் திரும்பி மறைகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த மூட்டையின் வாயை அவிழ்த்தாள்.