மூன்றாவது கட்டி

…அரிசி அளவுதான் இருந்தது, இல்லை, அரிசி என்பது தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம், உள்ளபடிக்கு அது அப்போதே பட்டாணி, இப்போது கோலிக்குண்டு. பிடரியில் ஒன்று, அக்குளில் ஒன்று, போன வாரம் தொடை இடுக்கில் மூன்றாவது… ஒன்றென்றால் கொழுப்புக் கட்டி என்று விட்டுவிடலாம், மூன்றென்றால்? வலித்துத் தொலைத்தாலாவது ஒரு வார்த்தை வெளியே வரும், வலிக்கவும் மாட்டேனென்கிறது. இருபத்திரண்டு வருடமாக ஊரார் தலையைத் தடவியவன் இன்று தன் சலூனிலேயே துணி போர்த்திக்கொண்டு மச்சினனிடம் தலையைக் கொடுத்திருக்கிறான், இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டும் வீட்டுக்காரி விடவில்லை, "முடி வெட்டறவன் தலையே காடா கெடந்தா எவன் கடைக்கு வருவான்?" ஆஸ்பத்திரிக்குப் போகாமலும் இல்லை, அரை நாள் வரிசையில் நின்றான், டாக்டர் "என்ன பண்ணுது?" என்று கேட்டதும் வாய் தன்னிஷ்டத்துக்கு "இருமல் சார்" என்றது… இல்லாத இருமலுக்கு மூன்று வேளையும் தவறாமல் மருந்து குடித்தவன் உலகத்திலேயே இவன் ஒருவன்தான். பெண்ணின் பரீட்சை முடியட்டும், திங்கட்கிழமை போகலாம் என்றிருந்தான், பரீட்சை முடிந்து ரிசல்ட்டும் வந்துவிட்டது. சட்டையெல்லாம் தொளதொளத்துப் போனதற்கு வீட்டுக்காரி துணிக்கடைக்காரனைத் திட்டுகிறாள், திட்டட்டும், பாவம்.

மச்சினனுக்கு வாய் ஓயாது. "மேல்வீட்டுக்காரன் நாய் இருக்கே மச்சான், அது கடைசியில அவனையே…" மெஷின் பிடரிக்கு வந்தது, நாய் அவனை என்ன செய்தது என்று தெரியாமலே கதை நின்றது. விரல் தொட்டது, எடுத்தது, மறுபடி தொட்டது. கேட்டுவிடுவான், இதோ கேட்டுவிடுவான், கேட்கட்டும், எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், அக்காவிடம் போய்ச் சொல்லட்டும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகட்டும், நாமாகப் போகப்போவதில்லை… கண்ணாடியில் அவன் முகத்தைத் தேடினால் உச்சந்தலைதான் தெரிகிறது. மெஷினை அணைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தான்.

"பின்னாடி கொஞ்சம் முடி விட்டிருக்கேன் மச்சான். இப்ப இதுதான் ஸ்டைல்."

ஸ்டைலா… கடைக்கு வாடிக்கையாக வந்த கணக்கு வாத்தியாருக்குக் காதுக்குப் பின்னால் இதே மாதிரி ஒன்று இருந்தது, மாதத்துக்கு மாதம் பெருத்தது இவன் விரலுக்குத் தெரியும், டாக்டரா நாம், நமக்கேன் வம்பு என்று இதே வார்த்தையைச் சொல்லித்தான் அங்கே முடியை விட்டுவைத்தான், பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு. நான்கு மாதம் அப்படியே ஓடியது, அப்புறம் அவர் வரவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தோம்… கடைசியாக வந்த அன்றைக்குக் கண்ணாடி வழியாக நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாரே, கேட்பான் கேட்பான் என்றுதான் உட்கார்ந்திருந்தாரோ? கேட்கவில்லை என்றானதும் "சரிப்பா" என்று எழுந்து போனார்.

"சரி," என்றான் இவன். மச்சினன் துணியை உருவி, வெளியே கொண்டுபோய் உதறினான்.