காய்ந்த ட்ரம்பெட்

எச்சில் எனக்கு அருவருப்பில்லை. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். ஊரார் வாயில் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டே பாதி ஆயுசு போய்விட்டது. அதனால்தான் மகளின் ட்ரம்பெட்டைக் கழுவ நானே உட்கார்ந்தேன். எப்போதும் பள்ளியிலேயே இருக்கும் வாத்தியம் அது. பேண்ட் மாஸ்டர் ஓய்வு பெறும் விழாவுக்காகத் துலக்கி எடுத்துவரச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, குழாய்களைக் கழற்றிப் போட்டு, நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுத்தேன். ஒரு பருவம் முழுக்க ஊதிய வாத்தியத்துக்குள் பச்சையும் பழுப்புமாகக் கொழகொழவென்று படிந்திருக்கும், வாடை குடலைப் புரட்டும். பிரஷ் சுத்தமாக வந்தது. மறுபடி விட்டேன். வாளித் தண்ணீரில் ஒரு பிசுக்குகூட இல்லை.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு, ஏதோ பெரிய பொறுப்பை ஏற்றுக்கொண்டவளைப் போலச் சொன்னாள்.

"நான் ஊத வேணாம்னு மாஸ்டர் சொல்லிட்டாரும்மா. விரல மட்டும் சரியா அழுத்தணும், கன்னத்த உப்பிக்கணும். பாக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாதாம்."

சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தானாம். விழாவில் ஒரே ஒரு பாட்டாவது நிஜமாக ஊத வேண்டும், நீ கேட்டால் விடுவார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நானும் அவரிடம் படித்தவள்தான். மாஸ்டர் பெயரைச் சொன்னால் இங்கே உருகாத ஆள் கிடையாது. பேண்டிலிருந்து ஒரு பிள்ளையைக்கூட வெளியே அனுப்பியதில்லை. மழையில் நனைந்து வந்தால் தன் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார். விடுமுறையில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியத்தையும் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி தன் கையாலேயே கழுவிவைப்பார். நான் கடைசி வரிசையில், மடியில் வைத்து வாசிக்கும் யூஃபோனியம் என்ற பெரிய குழலோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத பெண் நான். "உன் சத்தம் அடக்கமான சத்தம், அதுதான் இந்த பேண்டுக்கே அஸ்திவாரம்" என்று அவர் சொன்னார். வேலை தேடி அலைந்தபோதும், புருஷன் விட்டுப் போனபோதும் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றேன்.

பேண்ட் அறைக்குப் போய் நின்றேன். மாஸ்டர் டீ வரவழைத்துக் கொடுத்தார். என் அம்மாவின் முழங்கால் வலியை மறக்காமல் விசாரித்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, சிரித்தார்.

"அவ ஊதினா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்கம்மா. இப்ப சந்தோஷமாத்தான இருக்கா?"

கற்றுக்கொடுத்திருக்கலாமே என்றேன்.

"எல்லாருக்கும் வராதும்மா. உனக்கு வந்துச்சா? நீ பிடிவாதக்காரி, ஊதாதன்னா கேட்டிருக்க மாட்ட. அதான் உன் குழலுக்குள்ள ஸ்பாஞ்ச அடைச்சு வெச்சிருந்தேன். கடைசி வரைக்கும் உனக்குத் தெரியவே இல்ல பாரு."

பரிசு கொடுப்பவரைப் போலச் சொன்னார். சீழும் ரத்தமும் பார்த்து எனக்கு வராத குமட்டல் அந்தக் கனிவைப் பார்த்து வந்தது. விடுமுறையில் ஏன் தனியாக உட்கார்ந்து கழுவினார் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மாஸ்டர் வேண்டாம் என்கிறார், நீ ஊது என்று மகளிடம் சொன்னேன். நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"கடைசி நாளும்மா. பாவம், அவரு முகம் வாடிப்போயிடும்."

இந்த வயதிலேயே அவருடைய முகத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதைக் கேட்கவும் சகிக்கவில்லை.

விழா அரங்கில் உட்கார இடமில்லை. பெரிய பெரிய பதவிக்காரர்கள் மேடையேறி மூக்கைச் சிந்திச் சிந்திப் பேசினார்கள். இவர்களுடைய வாத்தியத்துக்குள் எல்லாம் என்ன அடைத்துவைத்திருந்தாரோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேண்ட் வாசித்தது. நன்றாகத்தான் இருந்தது, அதுவும் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாவது வரிசையில் மகள் கன்னத்தை உப்பிக்கொண்டு விரல்களை ஓட்டினாள். உங்கள் பெண் என்னமாய் வாசிக்கிறாள் என்று பக்கத்து நாற்காலி அம்மாள் என் தொடையில் தட்டினாள்.

கடைசிப் பாட்டுக்குப் பழைய மாணவர்களை மேடைக்கு அழைத்தார். என்னை இழுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்காரவைத்து, ஒரு யூஃபோனியத்தை மடியில் திணித்தார்கள். அதன் அகன்ற வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். பக்கத்திலிருந்தவர் என்னை விநோதமாகப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை.

மாஸ்டர் கையை உயர்த்தினார். மூச்சை இழுத்து ஊதினேன். மேட்டில் ஏற முடியாத லாரி மாதிரி உறுமியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் புன்னகை மாறாமல் இடது உள்ளங்கையை என் பக்கம் திருப்பி, அடக்கு என்பது போலக் கீழே அழுத்தினார். முகமெல்லாம் எரிந்தது எனக்கு. இன்னும் பலமாக ஊதினேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். உப்பியிருந்த கன்னம் வற்றிப்போயிருந்தது. யாரோ முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பி ட்ரம்பெட்டை உதட்டில் பொருத்திக்கொண்டாள். அவருடைய உள்ளங்கை இன்னும் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மூச்சை இழுக்க இழுக்க, சீருடைக்குள் இரண்டு தோள்களும் மெல்ல மேலே ஏறின.