கிக்காஃப் வேண்டுமா, வேண்டாமா

எங்கள் சுரங்க ஊரில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஃபுட்பால் ஆட்டத்துக்கு வராதவனை மன்னிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் கிக்காஃபை எடுத்துவிடலாமா என்று கேட்டால் சும்மா இருப்பார்களா? தீயணைப்பு நிலையக் கூடத்தில் அன்று நாற்காலி போதவில்லை.

இது காலால் மட்டும் ஆடும் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி மோதும் அமெரிக்க ஃபுட்பால். ஆட்டம் தொடங்கும்போதும், ஒவ்வொரு முறை புள்ளி எடுத்த பிறகும், ஒரு அணி பந்தை உதைத்து அனுப்பும், அதுதான் கிக்காஃப். உதைத்த அணிப் பையன்கள் பாதி மைதானம் தலைதெறிக்க ஓடி, எதிரே அதே வேகத்தில் வருகிறவர்கள்மேல் மோத வேண்டும். அந்த ஆட்டத்தில் அதைவிடக் கெட்ட மோதல் கிடையாது. உதைப்பதை விட்டுவிட்டு, பந்தை ஓரிடத்தில் வைத்தே தொடங்கலாம் என்று வட்டாரப் பள்ளிகள் யோசித்தன. இரண்டு ஊர்கள் சரி என்றன, இரண்டு ஊர்கள் முடியாது என்றன. மிச்சம் நாங்கள்தான்.

என் மகன் டெரெக் அப்படி ஓடுகிறவர்களில் ஒருவன். போன மாதம் ஒரு மோதலில் தலையில் அடிபட்டு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தான். கண் தெளிந்ததும் மறுபடி ஓடப் போய்விட்டான். ஆனால் எனக்கு ஓட்டு இல்லை. ஊர் சார்பில் முடிவெடுப்பது பழைய ஆட்டக்காரர் சங்கம். பள்ளிச் சட்டை போட்டு ஆடியவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்பது அதன் வழக்கம். பெற்றவள் சாண்ட்விச் செய்து கொண்டுவரலாம். கொண்டுபோனேன்.

கணக்கு வாத்தியார் பால் ஸெம்பாதான் மாற்றத்துக்காகப் பேசினார். அவரும் ஒரு காலத்தில் ஓடியவர். பொறுமையாக, யாரையும் குறை சொல்லாமல் பேசினார். பின்வரிசையிலிருந்து ஒருவன், பசங்களுக்குத் தலையணை கட்டி அனுப்பலாமா வாத்தியாரே என்று கேட்டான். சிரித்தார்கள். ஆனாலும் பாதிப் பேர் சிரிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அப்போதுதான் சங்கத் தலைவர் எமில் கோவாக் என் கணவன் ரெஜிஸைப் பேசக் கூப்பிட்டார். மோதல் அதிகம் விழும் நடு இடத்தில் ரெஜிஸ் ஓடிய காலத்துக் கிக்காஃபை ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ஆனால் தலையில் வாங்கிய அந்த அடிகளுக்குப் பிறகு இப்போது வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்பது எனக்கும் டெரெக்குக்கும்தான் தெரியும். எப்போதோ விற்றுப்போனதை மறந்து, தன் அம்மா வீட்டுக்குப் போய்ப் புல் வெட்டிவிட்டு வருகிறான். இப்போது அங்கே குடியிருப்பவர்கள் நல்ல மனிதர்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறார்கள்.

அன்று அழகாகத்தான் பேசினான்.

"மூணு வருஷம் நடுவுல ஓடினேன். எனக்கு என்ன கெட்டுப்போச்சு? சுரங்கத்துல இறங்கினேன், கல்யாணம் பண்ணினேன், ஒரு ஆம்பளப் புள்ளயப் பெத்தேன். பயந்தவன் எவனும் இந்த ஊர்ல சுரங்கத்துக்குள்ள இறங்கினதில்ல. இதையும் எடுத்துட்டா பசங்க அப்புறம் எதுக்குய்யா ஓடுவானுங்க?"

கூடமே கை தட்டியது. உட்கார்ந்தான். எமில் ஓட்டெடுப்பு பற்றிச் சொல்லத் தொடங்கியதும் மறுபடி எழுந்தான்.

"மூணு வருஷம் நடுவுல ஓடினேன். எனக்கு என்ன கெட்டுப்போச்சு?"

வேடிக்கைக்குச் செய்கிறான் என்று ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். சுரங்கம், கல்யாணம், ஆம்பளப் புள்ள. ஒரு சொல் மாறவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. அந்த அவமானத்துக்கு நடுவிலும், ஐயோ, சந்தோஷப்பட்டேன். இத்தனை நாள் நான் மூடி வைத்ததை ஊரே பார்த்துவிட்டது. இனி எவன் கிக்காஃபுக்குக் கை தூக்குவான்? என் பிள்ளை தப்பித்தான் என்று நினைத்தேன்.

ரெஜிஸ் முடித்தான். பதிலுக்குக் காத்து நின்றான். எமில்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள், முதல் தடவையைவிடப் பலமாக.

கிக்காஃப் இருக்கட்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் எமில். ஒவ்வொருவனும் ரெஜிஸைப் பார்த்தான், கையைத் தூக்கினான். ஸெம்பா கடைசிவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜிஸ் அவரைப் பார்த்துச் சிரித்தான். அவரும் தூக்கிவிட்டார்.

நான் எமிலிடம் நேராகப் போனேன். கண்ணால் பார்த்த பிறகுமா இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணில் நீர் நின்றது.

"பார்த்ததாலதாம்மா. நீ ஓடினதெல்லாம் வீணுன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றியா, லோரீன்? எங்களால முடியாது."

இரக்கமாம். அந்த இரக்கத்தில் இடி விழ.

அதோடு விட்டார்களா? ரெஜிஸுக்கு மரியாதையாக, இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து டெரெக் தன் அப்பா ஓடிய நடு இடத்தில் ஓடுவான் என்று எமில் அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ரெஜிஸும் எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக, எல்லோரையும்விட வேகமாகத் தட்டினான். பிறகு என் காதருகே குனிந்தான்.

"யாருக்கு லோரீன் தட்டுறோம்?"

"நம்ம பையனுக்கு," என்றேன்.