எண்ணெய் பூசிய கால்

ஸைனுலாப்தீன் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். மனைவி மௌத்தாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. மகள் றம்ஸியாவுக்கு மூன்று வயது. பகலில் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்வருவான்.

வெள்ளிக்கிழமை மனைவியின் அக்கா ஸுல்பிகா கிண்ணியாவிலிருந்து வந்தாள். பிள்ளையைத் தன்னோடு கொண்டுபோய் வளர்ப்பதாகச் சொன்னாள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அவன் வாயில் பேச்சு வருவதில்லை.

மறுநாள் காலை றம்ஸியா குசினி வாசலில் நெருப்பெறும்புப் புற்றை வெறுங்காலால் மிதித்துவிட்டாள். அலறிக்கொண்டு ஓடிவந்த பிள்ளையை ஸுல்பிகா தூக்கி, எறும்புகளைத் தட்டிவிட்டு, கால் முழுக்கத் தேங்காயெண்ணெய் வழிய வழியப் பூசினாள்.

“வீடா இது, எறும்புப் புத்தா?” என்றாள் அவனைப் பார்த்து.



மத்தியானம் பிள்ளையைக் கட்டிலில் தூங்கப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அலறல். அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். கட்டில் கால் வழியே சிவப்பாய் ஒரு வரிசை ஏறி, நேரே பிள்ளையின் எண்ணெய்க் காலை மொய்த்திருந்தது. அள்ளிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான். துணியால் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினான். கந்தோரில் ஒருவருக்கு எறும்பு கடித்து உதடு வீங்கி, மூச்சு முட்டி, ஆசுபத்திரிக்குத் தூக்கிப்போனதை அவன் கண்டிருக்கிறான். பிள்ளையின் உதட்டைப் பார்த்தான். இமையைப் பார்த்தான். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். கால் மட்டும்தான் வீங்கியிருந்தது. மூச்சு சீராய் வந்தது. அவனுடைய மூச்சும் அப்போதுதான் வந்தது.

ஈரத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டே, “மதினி, எண்ணெய் பூசாதீங்க. அதுதான் இதுகளக் கூப்பிடுது,” என்றான்.

“சீனிக்குத்தானே எறும்பு வரும்?”

“சீனிப் போத்தல் மேசையில திறந்து கிடக்கு. அங்க ஒண்டாவது போகுதா பாருங்க.”

அவள் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து எண்ணெய்ப் போத்தலை மூடினாள்.

பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். எண்ணெய் பட்ட விரிப்பை மாற்றினார்கள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, கால்களுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய வெறும் பால்டின் பேணிகளை வைத்தார்கள். விரிப்பு நிலத்தில் தொங்காமல் மடித்துவிட்டார்கள். பிள்ளையை அதன் மேல் உட்கார வைத்துவிட்டு, ஸுல்பிகா அடுப்பில் கேத்தல் கேத்தலாய்த் தண்ணீர் கொதிக்க வைத்தாள். அவன் அதைக் கொண்டுபோய்ப் புற்றில் ஊற்றினான். வெள்ளை முட்டைகள் மிதந்து வந்தன. தப்பிய சில எறும்புகள் அவன் காலில் ஏற, வெறும் கேத்தலைப் போட்டுவிட்டுக் குதித்தான்.

“இவ்வளவு நாளா அசையாத மனிசன எறும்பு அசைச்சிட்டுது,” என்று ஸுல்பிகா சிரித்தாள். கட்டிலிலிருந்த பிள்ளையும் சிரித்தது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஸுல்பிகா புறப்பட ஆயத்தமானாள்.

“அப்ப, புள்ளையக் கொண்டுபோறன் தம்பி.”

“இல்ல மதினி. புள்ள என்னோடயே இருக்கட்டும்.”

அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். “இத நேத்தே சொல்ல ஏலாதா? நீங்க ஒண்டும் கதைக்காம இருந்தபடியா, புள்ள உங்களுக்குப் பாரமாப் போச்செண்டுதான் நினைச்சன். எனக்கு வீட்டுல ஏழு இருக்கு. எட்டாவத எங்க படுக்க வைக்கிறதெண்டு யோசிச்சிட்டுத்தான் வந்தனான்.”

“பாரமில்ல,” என்றான் அவன்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று அவள் முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு தேத்தண்ணி ஊத்தித் தாங்க. குடிச்சிட்டுப் போறன்.”

றம்ஸியா காலைச் சொறியப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சொறியப்படாது மகள். நாளைக்குக் கொப்புளம் வரும். அதையும் உடைக்கப்படாது.”

“நாளைக்கும் நீங்க பாப்பீங்களா, வாப்பா?”

“ஓம்,” என்றான். பிறகு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போனான்.