தோணிக் கயிற்றில் ஏறிய செடி

கப்பலிலிருந்து இறங்கிய ஜெனிஸ் இரண்டு மாதத்தில் திரும்ப ஏறியிருக்க வேண்டும். நான்கு மாதம் ஆகிவிட்டது. மும்பை ஏஜென்சிக்காரன் திங்கட்கிழமை தவறாமல் ‘அடுத்த வாரம் பாஸ்’ என்பான். படுக்கையறை மூலையில் பெட்டி பாதி அடுக்கியபடி வாயைத் திறந்து கிடந்தது. ஜெனிஸ் அதிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போடுவான், துவைத்து மடித்துத் திரும்ப அதிலேயே வைப்பான்.

மனைவி விஜிலா டீச்சர். அவள் பள்ளிக்கூடம் போனபிறகு வீட்டில் அவனால் சும்மா உட்கார முடியவில்லை. ஒழுகாத குழாய்க்கு வாசர் மாற்றினான். ஜன்னல் கம்பிக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தான். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரி பிளாரன்ஸ் அக்கா மாடிப்படியில் நின்று சத்தம் போட்டாள்.

“ஏ ஜெனிசு, என் வீட்டைக் கப்பல்னு நெனச்சியா? இன்னும் கொஞ்சம் தேச்சேன்னா சுவரு ஓட்டையாயிரும்!”

அவன் கை படாமல் மிச்சமிருந்தது மான்ஸ்டெரா செடி மட்டும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சாயர்புரத்து ஜெபசுதா டீச்சர் விஜிலாவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில் நின்றது. அவன் இரண்டு தடவை கப்பலேறி இறங்குவதற்குள் ஹாலில் பாதியைப் பிடித்துக்கொண்டது. புது இலை விரியும்போதெல்லாம் விஜிலா போட்டோ அனுப்புவாள். நடுக்கடலில் நெட்வொர்க் கிடையாது. துறைமுகம் நெருங்கும்போது நாலைந்து இலை மொத்தமாக வந்து விழும். போட்டோவில் நன்றாகத்தான் இருந்தது. நேரில் வந்தால், ஜன்னலோரம் அவன் நாற்காலி கிடந்த இடத்தில் செடி நின்றது, நாற்காலி மொட்டைமாடிக்குப் போயிருந்தது. முறம் அகலத்துக்கு இலைகள், ஓரமெல்லாம் கிழிசல், நடுவில் ஓட்டை. தண்டிலிருந்து விரல் பருமனுக்கு வேர்கள் இறங்கி டிவிக்குப் பின்னால் போயிருந்தன. ஜெனிஸ் தினமும் அதில் தடுக்கினான்.

“ஏளா, இதைப் பிரிச்சு வச்சிரட்டா?”

“தொடாதீங்க. நீங்க தொட்டா அதுக்கும் பெயிண்ட் அடிச்சிருவீங்க.”

“கெடுக்க மாட்டேன்.”

“கெட்டுச்சுன்னா நீங்க கப்பல்ல போயிருவீங்க. நான்தான் தெனமும் அது சாவுறதப் பாத்துக்கிட்டு இருக்கணும்.” டிவிக்குப் பின்னாலிருந்து ஒரு வேரை இழுத்துப் பார்த்துவிட்டு, “சரி, சனிக்கிழமை சேந்து செய்வோம்” என்றாள்.

சனிக்கிழமை பழைய பேப்பரை விரித்துத் தொட்டியைச் சாய்த்தார்கள். உள்ளே மண்ணைவிட வேர்தான் அதிகம். தண்ணீர் ஊற்றி அலசிச் சிக்கெடுத்தால் மூன்று தண்டு. பெரியதைப் பழைய தொட்டிக்கும் அடுத்ததைப் புதுத் தொட்டிக்கும் ஒதுக்கினார்கள். மூன்றாவதில் வெட்ட வேண்டிய இடத்தை விஜிலா சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினாள்.

“கணுவுக்குக் கீழ வெட்டுங்க. கணு இல்லாத இலை தண்ணியில பச்சையாத்தான் நிக்கும். மாசக்கணக்கா நிக்கும். ஒரு வேலையும் நடக்காது.”

“என்னையச் சொல்லுதியா?”

“செடியச் சொன்னேன்.”

வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவிக் காயவிட்டு, துண்டை அதே ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிறுத்தினார்கள். பெரிய செடிக்கு ஊன்றுகோல் வேண்டும். ஆன்லைனில் பாசி சுற்றிய கம்பு வாங்கலாம் என்றாள் அவள். ஜெனிஸ் கேட்கவில்லை. பதினெட்டு வருஷம் கப்பலில் கயிறோடு கிடந்தவன், இப்போது போசன், டெக் ஆட்களுக்கெல்லாம் தலைவன். ஒரு செடியை நிமிர்த்திக் கட்டத் தெரியாதா?

அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு பழைய ஹார்பருக்குப் போனான். கூடப்படித்த ரோச் அங்கே தோணியில் வேலை பார்த்தான். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணி.

“என்னல, கப்பல்காரனுக்குத் தோணிக் கயிறு எதுக்கு?”

“ஒரு செடியக் கட்டணும்.”

“செடியா? ஓடிப்போயிருமோ?” ரோச் சிரித்துக்கொண்டே ஒரு சுருள் பழைய நார்க்கயிற்றைத் தூக்கிப் போட்டான். “நல்லா வேல பாத்த கயிறுல. கொண்டு போ.”

இரண்டு அங்குல பிவிசி பைப்பில் ஜெனிஸ் அந்தக் கயிற்றை இடைவெளி தெரியாமல் இறுக்கிச் சுற்றினான். தொட்டிக்குள் அதை நட்டு, தண்டை அணைத்துக் கட்டி, வேர்களைக் கயிற்றோடு சேர்த்தான். செடி எழுந்து நின்றது. ஹாலில் வழி கிடைத்தது. மொட்டைமாடியிலிருந்து நாற்காலியும் இறங்கிவந்தது. ‘எங்க வீட்டு போசன் கட்டியது’ என்று விஜிலா ஸ்டேட்டஸ் வைத்தாள். அன்றைக்கு முழுவதும் அவன் அதைத் திறந்து திறந்து பார்த்தான்.

கயிறு ஈரமாக இருந்தால் வேர் பிடிக்கும் என்று ஜெபசுதா டீச்சர் சொல்லியிருந்தாள். ஜெனிசுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அரை மணிக்கு ஒருதரம் ஸ்பிரேயரோடு எழுந்துபோய்த் தெளித்தான். ஏஜென்சிக்காரன் போனை எடுக்காத நாளில் இன்னும் அதிகமாகத் தெளித்தான்.

பத்தாம் நாள் இலையோரம் கருகத் தொடங்கியது. கயிற்றைத் தொட்ட வேர்நுனிகள் கறுத்தன. வெயில்தான் என்று திரை போட்டான். தண்ணீர் போதவில்லை என்று மேலும் தெளித்தான். விஜிலா கருகிய இலைகளை எண்ணினாள்.

ஒரு மத்தியானம், விலகிய கயிற்று முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கினான். கப்பலில் வந்த பழக்கம். நாக்கில் பட்ட ருசி புதிதல்ல, கயிறென்றால் அப்படித்தான் இருக்கும். அப்புறம்தான் கை நின்றது. இன்னொரு தரம் நக்கிப் பார்த்தான். உப்பு. எத்தனையோ வருஷம் கடல் குடித்த கயிறு. அவன் தெளித்த ஒவ்வொரு தெளிப்பும் அதைக் கரைத்துத் தொட்டிக்குள் இறக்கியிருக்கிறது.

அந்நேரம் பார்த்து போன் அடித்தது.

“பாஸ், ஜாயினிங் கன்பார்ம். நாளைக்கு மத்தியானம் சென்னை பிளைட், அங்கிருந்து சிங்கப்பூர். ஓகேவா?”

“ஓகே” என்றான். நான்கு மாதம் காத்திருந்த வார்த்தை. அது வந்த பிறகும் உட்கார முடியவில்லை. பெட்டியை அடுக்கி ஜிப்பை இழுத்தான். ஹாலுக்கு வந்தான். சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தான். கயிற்று உப்பைச் சொல்லாமல் போனாலும் யாருக்கும் தெரியாது. ஒரு மாதத்தில் செடி செத்துவிடும், தான் தண்ணீர் ஊற்றிய கோளாறு என்று விஜிலா நினைத்துக்கொள்வாள்.

கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

நாலரை மணிக்கு விஜிலா வந்தபோது செடி ஹாலில் நீட்டிப் படுத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மூடியிருந்த பெட்டியையும் பார்த்தாள்.

“எத்தன மணிக்கு பிளைட்?”

“நாளைக்கு ரெண்டு மணிக்கு. ஏளா, இது நான் செஞ்ச கோளாறு. கயித்துல உப்பு. நான்தான் தெளிச்சுத் தெளிச்சு வேருக்கு எறக்கிட்டேன்.”

“கடல்லயே கெடக்கீங்க. உப்பு தெரியலையா?”

“கயித்துல அது இருக்கும்னு தெரியும். பழகிப்போச்சு, அதனாலதான் தனியாத் தெரியல.”

“சொல்லாமப் போயிருக்கலாம்ல.”

“உன்னையே குத்தம் சொல்லிக்கிட்டு இருப்ப.”

அவள் கைப்பையை நாற்காலியில் எறிந்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். “சும்மா நிக்காதீங்க. கேன் தண்ணி ரெண்டையும் தூக்கிட்டு வாங்க. குழாத் தண்ணிய நம்ப முடியாது.”

வேரைப் பலமுறை அலசினார்கள். புது மண் போட்டு நட்டார்கள். அவள் பழைய சுடிதார் ஷாலைக் கிழித்து, தண்டை ஜன்னல் கம்பியோடு தளர்வாகக் கட்டினாள். பிழைக்குமா என்று அவன் கேட்டான். அவள் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

மறுநாள் ஏர்போர்ட்டில் போனைத் திறந்து பார்த்தான், சென்னையில் பார்த்தான், அவளிடமிருந்து மெசேஜ் இல்லை. சிங்கப்பூரில் கப்பலுக்குப் போகும் படகில் ஏறிய பிறகு ஒரு போட்டோ வந்தது. பெரிய செடியில் ஒரு இலைகூட இல்லை. எல்லாவற்றையும் வெட்டியிருந்தாள். ஜன்னலோரம் வெறும் தண்டு, பக்கத்தில் அவன் நாற்காலி.

‘இலை போச்சு. கணு மூணு பச்சையா இருக்கு. பாப்போம்.’

கீழே இன்னொன்று:

‘உங்க கயித்த மொட்டைமாடியில கொடியா கட்டினேன். உப்பு ஈரத்த இழுக்குது போல, துணி காயவே மாட்டேங்குது.’

‘நல்ல தண்ணியில ரெண்டு நாள் ஊறப் போடு’ என்று தட்டினான். படகு வேகமெடுத்தது. மெசேஜ் போகவில்லை, பக்கத்தில் கடிகாரம்தான் நின்றது. ஜெனிஸ் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.