கெங்கம்மாள் அடித்த ஆணி

துலுக்கானம் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு அவன்மேல் கோபம்தான் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாக லேத் ஓட்டுகிறவன். குடி இல்லை, சீட்டு இல்லை, கடன் இல்லை. இருந்த ஒரே வியாதி, பெண்டாட்டி கெங்கம்மாள் எதைக் கேட்டாலும் "இப்ப இன்னாத்துக்கு அது?" என்பதுதான். அயன் பாக்ஸ் கேட்டாள், இப்ப இன்னாத்துக்கு? உட்கார இரண்டு நாற்காலி கேட்டாள். இப்ப இன்னாத்துக்கு, தரைதான் கீதே? கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை உருவ முடியாது.

அவளோ அதற்கு நேர் எதிர். ஒரு பொருளை எங்கே வைத்தால் அழகாக இருக்கும் என்று அவளுக்குப் பார்த்த உடனே தெரியும். ஒரகடம், கள்ளிக்குப்பம், பட்டரவாக்கம் என்று ஐந்து வாடகை வீடு மாறினார்கள். ஐந்திலும் சாமான் இறக்கும்போதே வீட்டுக்காரர்கள் சொன்ன முதல் வார்த்தை, "செவுத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க." அதனால் அவள் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினாள். கண்ணாடியை மாடத்தில் சாய்த்து வைத்தாள். நைந்துபோன பச்சைப் புடவையை இரண்டாகக் கிழித்து, ஜரிகைக் கரை கீழே வரும்படி திரை தைத்தாள். பிள்ளை இல்லாதவள், அதனால்தான் வீட்டின்மேல் பைத்தியம் என்று தெருவில் சொன்னார்கள். சொல்கிற வாய்க்கு என்ன, வாடகையா கொடுக்கிறார்கள்?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று எண்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் ஆவடி சேக்காட்டில் ஒரு வீடு முடிந்தது. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்பங்கரை. அன்றைக்குப் பால் காய்ச்சி முடித்ததும் கெங்கம்மாள் செய்த முதல் வேலை, புருஷனுடைய சுத்தியலை எடுத்துப்போய் வாசலுக்கு நேரே இருந்த ஹால் சுவரில் ஒரு ஆணி அடித்ததுதான்.

"இன்னாமே, புதுச் செவுத்துல ஓட்ட போட்டுகினு கீற!" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தான் துலுக்கானம்.

"என் செவுரு. நான் போடுவேன்."

"இன்னா மாட்டப் போற அதுல?"

"அத அப்புறமா சொல்றேன். கலர் அடிச்சி முடியட்டும். எது பொருந்துதோ அது."

சொல்லிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்து அந்த வெற்று ஆணியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை.

பெயிண்டர், பூந்தமல்லி ஹபிபுல்லா பாய். துலுக்கானத்தின் கம்பெனிக்கும் அவர்தான் பெயிண்டு அடிப்பார். கை சுத்தமான வேலைக்காரர். வந்தவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உள்ள இன்னும் தண்ணி கீது. இப்பத்திக்குச் சுண்ணாம்பு ஒரு பூச்சு போதும். ஒரு மழ, ஒரு வெயிலு, ரெண்டையும் செவுரு பாக்கட்டும். அதுக்கு முன்னால கலர் அடிச்சா உப்பு பூத்துரும். அப்பளமா உரிஞ்சி கீழ கொட்டும்" என்றார்.

கெங்கம்மாளுக்கு அதில் வருத்தமே இல்லை. யோசிக்க ஒரு வருஷம் கிடைத்துவிட்டது அல்லவா! ஆவடி பெயிண்டுக் கடையிலிருந்து கலர் அட்டை ஒன்று வாங்கிவந்து, பிடித்த கட்டங்களில் எல்லாம் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள், பிய்த்தாள், வேறு இடத்தில் ஒட்டினாள். கடைசியில் எந்தக் கட்டமும் பிடிக்கவில்லை. ஒருநாள் பாய் வந்தபோது ஒரு வெள்ளரிப் பிஞ்சை நறுக்கி நீட்டினாள்.

"தோல் பச்ச இல்ல பாய். விதைக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு பச்ச கீது பாரு, அது. ஹாலுக்கு அதான்."

பாய் அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டு, "பண்ணிரலாம் தங்கச்சி" என்றார்.

கார்த்திகையில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. கைவைத்தியம் பார்த்தாள், ஆவடியில் ஊசி போட்டுக்கொண்டாள், கடைசியில் துலுக்கானம் டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் மட்டும் பேசினார். கட்டி. முற்றிவிட்டது. அறுத்தும் பிரயோசனமில்லை. சித்திரை தாண்டுவது கஷ்டம்.

வெளியே வந்தான். பெஞ்சில் இருந்தவள், "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "அல்சராம். காரம் துன்னாத" என்றான். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் தெரிகிற வீடுகளின் கலரை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் உம் கொட்டிக்கொண்டே வந்தான். அன்றைக்கு அவனுக்கு நெஞ்சு வெடிக்காமல் இருந்தது எப்படி என்று இன்றுவரை அவனுக்கே தெரியவில்லை.

இரண்டு மாதம் ஒன்றும் சொல்லாமல் ஓட்டினான். ஆனால் தினமும் வேலை விட்டு வந்து அந்த வெள்ளைச் சுவரைப் பார்ப்பான். சுவர் வெயில் பார்ப்பதற்குள் அவள் போய்விடுவாள். பதினெட்டு வருஷம் கேட்டதை எல்லாம் தள்ளிப்போட்டாயிற்று. இது ஒன்றையாவது கண்ணால் பார்க்கட்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

பொங்கல் கழிந்த மறுவாரம் குமணன்சாவடியில் ஒரு கடையிலிருந்து மூன்று பேர் உட்காருகிற சோபா ஒன்றை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். பளபளவென்று ரத்தச் சிவப்பு ரெக்சின். தெருவே வேடிக்கை பார்த்தது. கெங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யோவ், இன்னா கலர்யா இது! கசாப்புக் கட மாதிரி. வெள்ளரிப் பச்சைக்கு இதுவா?"

"நல்லா ஸ்ட்ராங்கா கீது. குந்திப் பாரு."

குந்திப் பார்த்தாள். எழுந்து மறுபடி குந்தினாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "நான் கேக்கவே இல்லியே" என்றாள். "போனஸ் மாதிரி ஒண்ணு வந்திச்சி" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே நழுவினான்.

அன்று சாயங்காலமே சைக்கிளை மிதித்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனான். உடனே கலர் அடிக்க பாய் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அறிவு கீதா உனக்கு? இப்பதான் மழை உட்டுருக்கு. ஈரச் செவுத்துல அடிச்சா ஆறு மாசம் தாங்காது. என் பேரு கெட்டுரும்" என்று சத்தம் போட்டார். துலுக்கானம் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். வேறு யாரிடமும் அதுவரை சொல்லாதது. கேட்டு முடித்த பாய் கையிலிருந்த பிரஷ்ஷைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே கழுவிக் காயவைத்த பிரஷ் அது. "காலையில வரேன்" என்றார்.

சொன்னபடி காலையில் இரண்டு டப்பாவோடு வந்து நின்றார். கெங்கம்மாள் கதவருகே வந்து டப்பாவைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னா பாய், அதுக்குள்ள வெயிலு வந்துருச்சா?"

பாய் டப்பாக்களைத் தரையில் இறக்கி வைத்தார்.

"ஒரு மழ, ஒரு வெயிலுன்னு நீதான சொன்ன? மழதான போயிருக்கு."

பாய் கீழே குனிந்து டப்பாவின் மூடியைத் திறப்பதுபோல் என்னவோ செய்தார். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அயன் பாக்ஸுக்கு ஆறு வருசம் இப்ப இன்னாத்துக்குன்ன. நேத்து கேக்காம சோபா வருது. இன்னிக்கு ஈரச் செவுத்துக்குப் பெயிண்டு வருது." அவள் குரல் தணிந்துவிட்டது. "யோவ், டாக்டரு எம்மாம் நாளு சொன்னாரு?"

இரண்டு மாதமாக வாயை மூடி மறைத்து வைத்திருந்ததை ஒரு சோபா காட்டிக் கொடுத்துவிட்டது. துலுக்கானம் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"சித்திர" என்றான்.

அவள் விரலை மடக்கினாள். தை, மாசி, பங்குனி. பிறகு அடுப்பங்கரைக்குப் போனாள். உள்ளே பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து மூன்று டம்ளரில் டீயோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"டப்பாவ மூடிடு பாய். உரியற செவுரு எனக்கு வாணாம்."

"ஒரே ஒரு செவுரு, கெங்கா" என்று கெஞ்சினான் துலுக்கானம். "நீ பாக்கறதுக்கு."

"நான் பாக்கறதுக்கா ஊடு? நீ அப்புறம் இருக்கணுமே இதுல. மழைக்கு உரிஞ்சி உரிஞ்சி உழும், தெனம் நீ அத பெருக்கிகினு இருப்பியா?"

அவனால் தாங்க முடியவில்லை. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுதான். அவள் அழ விட்டாள். டீயைக் குடித்துவிட்டு பாயிடம், "செவுத்துல வாணாம். பலகைல அடிச்சிக் காட்டேன்" என்றாள்.

அப்படித்தான் அந்த மாசியும் பங்குனியும் போயின. பாய் ஓர் ஒட்டுப் பலகையில் கலரைப் பூசிக் கொண்டுவருவார். அதைச் சோபாவுக்கு எதிரே சாய்த்து வைப்பார்கள். அவள் படுத்தபடியே காலை வெளிச்சத்தில் பார்ப்பாள், மத்தியானம் பார்ப்பாள், டியூப்லைட் போட்டுப் பார்ப்பாள். முதல் பலகை, "ஆஸ்பத்திரி மாதிரி கீது." இரண்டாவது, "பகல்ல நல்லா கீது, சாயங்காலம் அழுக்காத் தெரியுது. வெள்ள சேரு." மூன்றாவதை இரண்டு நாள் வைத்திருந்து வேண்டாம் என்றாள். பாய் முகம் சுளிக்கவில்லை. பூந்தமல்லியிலிருந்து ஒவ்வொரு தடவையும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

நடுவே, வலி இல்லாத நேரங்களில் சோபாவுக்கு உறை தைத்தாள். பழைய வெள்ளைப் புடவை, ஓரத்தில் அந்தப் பச்சைத் திரையின் ஜரிகைக் கரை. "சோபாவத் திருப்பிக் குடுக்கச் சொல்ல மாட்டேன். இதுக்கு ஈரம் காயத் தேவையில்ல பாரு" என்று அவனைக் கிண்டல்கூடச் செய்தாள். ஷோகேஸ் எங்கே வரவேண்டும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். "ஒருவாட்டியாச்சும் இப்ப இன்னாத்துக்குன்னு கேளேன்யா, பயமா கீது" என்றாள்.

நான்காவது பலகை வந்த அன்று அதைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "இதான்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்த ஆணியைப் பற்றிச் சொன்னாள். "யோவ், என் போட்டோவ அந்த ஆணில மாட்டிடாத. அது நான் ஆசப்பட்டு அடிச்சது. போட்டோவுக்கு நீ தனியா அடி."

"அப்ப அதுல இன்னாதான் மாட்றது?"

"இரு, யோசிச்சி சொல்றேன்."

யோசித்துக்கொண்டே இருந்தாள். சித்திரை பிறக்க நான்கு நாள் இருக்கும்போது, காலையில், நான்காவது பலகைக்கு எதிரே போய்விட்டாள்.

சாவு விழுந்த வீட்டுக்கு வருஷம் திரும்புகிறவரை வெள்ளையடிக்கக் கூடாது. பெயிண்டும் கூடாது, பொங்கலும் கூடாது. சுவர் அந்தக் கோடையைப் பார்த்தது, அடுத்த மழையைப் பார்த்தது. ஒரு மழை ஒரு வெயில் கேட்ட சுவருக்கு அதற்கு மேலேயே கிடைத்தது. அவளுக்குக் கிடைக்காத நாளெல்லாம் சேர்த்துச் சுவருக்குக் கிடைத்த மாதிரி துலுக்கானத்துக்கு அதன்மேல் கோபம்கூட வந்தது. ஒருநாள் கையால் ஓங்கி அறைந்தான். நன்றாகக் காய்ந்திருந்தது.

மறு வருஷம் திவசம் முடிந்து பாய் வந்தார். பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலரைக் கலந்தார். ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் அடிப்பது வழக்கம். பாய் அந்த ஆணியைத் தொடவில்லை. சின்னப் பிரஷ்ஷால் அதைச் சுற்றிப் பூசினார். மூன்று நாளில் ஹால் முழுக்க வெள்ளரிப் பிஞ்சின் உள்பச்சை ஏறியது. வெள்ளை உறைபோட்ட சோபா, சாக்பீஸ் கோட்டின்மேல் ஷோகேஸ். அவள் சொன்னது சரிதான், சாயங்காலம்கூட அழுக்காகத் தெரியவில்லை.

செம்பரம்பாக்கத்திலிருந்து அவனுடைய அக்கா குப்பம்மா, கண்ணாடி போட்ட போட்டோவை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். சுற்றிலும் பார்த்து மூக்கைச் சிந்தினாள். பிறகு, "அதான் ஆணி கீதே, நேரா வாசலுக்கு எதுக்க. அதுலயே மாட்டிடு. புதுப் பெயிண்டுல இன்னொரு ஓட்ட இப்ப இன்னாத்துக்கு?" என்றாள்.

துலுக்கானம் போய்ச் சுத்தியலை எடுத்துவந்தான். பக்கத்துச் சுவரில் வைத்து அடித்தான். காய்ந்த சுவர், ஆணி வளைந்துபோயிற்று. அவளுடையது ஈரத்தில் இரண்டே அடியில் இறங்கியிருந்தது. இன்னொன்று எடுத்தான், அதுவும் வளைந்தது. மூன்றாவது இறங்கியது. போட்டோவை மாட்டிப் பூவைச் சார்த்தினான்.

"அப்ப அந்த ஆணி சும்மாவா கீது? புடுங்கிப் போட்டுடேன்" என்றாள் குப்பம்மா.

"இருக்கட்டும்க்கா" என்றான் துலுக்கானம். "அதுல இன்னா மாட்றதுன்னு அவ இன்னும் சொல்லல."