அந்தியூரில் ஓர் ஒத்திகை

ரவிக்குமாரின் போன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும். கோயமுத்தூர் கணபதியில் அவனுடைய அக்கா அன்புக்கரசி குடியிருந்த சந்தின் முனையில் மாசாணத்தின் எஸ்.டி.டி. பூத் இருந்தது. மணி அடித்ததும் மாசாணம் வெளியே வந்து, "பிரான்சிஸண்ணா, ஜெர்மனி" என்று கூப்பிடுவார். சந்து முழுக்கக் கேட்கும். அன்புக்கரசியின் கணவர் பிரான்சிஸ் லேத் பட்டறைக்காரர். ஞாயிற்றுக்கிழமையும் யார் வீட்டு மிக்சியையாவது பிரித்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். கையைத் துடைத்துக்கொண்டே ஓடுவார். மகள் சண்முகப்ரியா அவரை முந்திக்கொண்டு ஓடுவாள். அன்புக்கரசி மெல்ல நடந்து போவாள். சில வாரம் வேலையிருக்கிறது என்று போகாமலும் இருந்துவிடுவாள்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஆனி மாதத்தில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்தப் பேச்சு வந்தது. அடுத்த மே மாதம் பள்ளி லீவுக்கு மூன்று பேரும் ஜெர்மனிக்கு வர வேண்டும், டிக்கெட் தானே எடுத்து அனுப்புகிறேன் என்றான் ரவிக்குமார். அவன் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் பெரிய தீம் பார்க் ஒன்று இருக்கிறதாம். மலைக்குள் புகுந்து ஓடும் ரயில், குகைக்குள் போகும் படகு, வானத்துக்கு ஏறி அப்படியே கீழே விழும் வண்டி என்று அவன் சொல்லச் சொல்ல, பிரான்சிஸ் அதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லி மகளுக்குக் கேட்க வைத்தார். பூத்துக்கு வெளியே தங்கள் முறைக்காக நின்ற இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள்.

ரவிக்குமாரை வளர்த்தது அன்புக்கரசிதான். அந்தியூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவர்களுக்கு. அப்பா அங்கப்பன் ஊரார் மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் வேலை செய்தவர். அம்மா இறந்தபோது ரவிக்குமாருக்குப் பல்கூட முளைத்திருக்கவில்லை. பத்து வயது அன்புக்கரசி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பிறகு அவளுக்குக் கல்யாணமாகிக் கணபதிக்கு வந்தபோது அப்பாவையும் தம்பியையும் கூடவே அழைத்து வந்தாள். பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி வைண்டிங் கட்டும் வேலைக்குப் போய் அவனை பாலிடெக்னிக் படிக்க வைத்தாள். தறி மெஷின் கம்பெனி ஒன்று அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. போன இடத்தில் அவனுடைய வேலை அவர்களுக்குப் பிடித்துப்போய் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவன் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. நடுவில் அங்கப்பன் மாரடைப்பில் இறந்துபோனார். அதற்கும் அவன் வரவில்லை.

ரவிக்குமார் அனுப்பிய, அந்தத் தீம் பூங்காவின் வண்ணப் புத்தகம் ஒன்று தபாலில் வந்து சேர்ந்தது. எழுத்து ஜெர்மன் மொழியில் இருந்ததைப் பற்றி பிரான்சிஸ் கவலைப்படவில்லை. படமும் வரைபடமும் போதும் அவருக்கு. போன வழியே திரும்ப நடக்காமல் எல்லாவற்றையும் எப்படிச் சுற்றிவருவது என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். மறுநாள் அதை அழித்து வேறு கோடு போட்டார். மகளுக்கும் அவருக்கும் முதலில் ரயிலா படகா என்று தினமும் சண்டை. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில்கூட அந்தப் புத்தகம் இருந்தது.

அன்புக்கரசி அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் தோசை வார்த்துக்கொண்டே, "நீங்களும் பாப்பாவும் போய்ட்டு வாங்க. எனக்கு உசரம்னாலே தலை சுத்துதுங்க" என்றாள்.

பிரான்சிஸ் அதை நம்பினார். எந்தக் கோளாறானாலும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்கிற ஆள் அவர். தலைசுற்றலும் பழகப் பழகப் போய்விடும் என்று ஒரு திட்டம் போட்டார். ஆடி மாதம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் பண்டிகை வரும். குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தையோடு பெரிய பெரிய ராட்டினங்களும் வரும். அங்கே போய் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டால் ஜெர்மனியில் பயமிருக்காது. சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் அன்புக்கரசியும் மறுப்பு சொல்லவில்லை.

சந்தைத் திடலில் கால் வைக்க இடமில்லை. குதிரைகளைப் பார்த்துவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு, ராட்டினத்துக்கு வந்தார்கள். அன்புக்கரசி கீழே நின்றுகொள்வதாகச் சொல்ல, முதலில் நாங்கள் ஏறிக் காட்டுகிறோம் என்று பிரான்சிஸ் மகளோடு பெட்டியில் உட்கார்ந்தார். ராட்டினம் கிளம்பியது. முதல் சுற்றில் மனைவிக்குக் கை காட்டினார். அடுத்த சுற்றில் கை காட்டவில்லை, கம்பியைப் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு அவருடைய பெட்டி கீழே வரும்போதெல்லாம், ராட்டினக்காரரைப் பார்த்து, "ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த இரைச்சலில் அது ராட்டினக்காரருக்குக் கேட்கவில்லை. ஒரு வழியாக இறங்கியதும் ஒரு மாட்டு வண்டியின் நிழலில் போய் உட்கார்ந்தவர், தின்ற பொரியை எல்லாம் கக்கினார். அன்புக்கரசி சோடா வாங்கி முகத்தில் தெளித்து, மீதியைக் குடிக்க வைத்தாள்.

சண்முகப்ரியாவுக்கு இன்னொரு சுற்று வேண்டும். தனியாக ஏற்ற மாட்டேன் என்றார் ராட்டினக்காரர். அன்புக்கரசி கணவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

பிரான்சிஸ் கீழேயிருந்து பார்த்தார். பெட்டி உச்சிக்குப் போனது. அன்புக்கரசி கண்ணை மூடவில்லை. ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். இறங்கி வந்ததும் சண்முகப்ரியா, மேலேயிருந்து அம்மாவின் ஊர் ஏரி தெரிந்தது என்றாள். அன்புக்கரசிக்கு மூச்சுகூட வாங்கவில்லை. கொண்டையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்து வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் கணவரோடு உட்கார்ந்தாள்.

"உனக்கெங்க தலை சுத்துது? எனக்குத்தான் சுத்துது" என்றார் பிரான்சிஸ்.

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. மகள் வளையல் கடைப் பக்கம் போயிருந்தாள்.

"அப்பா செத்ததுக்கு வராத பையனுங்க அவன். மூணு வருசமா ஊட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. இப்ப நம்மள வேடிக்கை பாக்க வாங்கன்னு கூப்புடறான். நான் எந்த மூஞ்சியோட போய் அங்க சிரிச்சுக்கிட்டு நிக்கறதுங்க?"

மாமனாரை அடக்கம் செய்த கையோடு போனில் தகவல் சொன்னது பிரான்சிஸ்தான். மறுமுனையில் எந்தச் சத்தமும் வராமல் லைன் போய்விட்டதோ என்று அவர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அதை இதுவரை மனைவியிடம் சொன்னதில்லை. இப்போது சொன்னார். இதை அவனிடமே கேட்டுவிடு, எத்தனை நாளைக்கு மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்பாய் என்றும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாசாணம் கூப்பிட்டபோது அன்புக்கரசி முதலில் போனாள். பிரான்சிஸும் மகளும் வெளியே நின்றுகொண்டார்கள். அக்காவின் குரலைக் கேட்டதும் ரவிக்குமார் சந்தோஷமாகப் பூங்காவைப் பற்றி ஆரம்பித்தான். புதிதாக ஒரு ரயில் கட்டுகிறார்கள், வாசலில் செடிகளை யானை மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று என்னென்னவோ சொன்னான். அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நீ அதில் எதில் ஏறினாய், எது நன்றாக இருந்தது என்று கேட்டாள்.

"நான் ஏறுனதில்லீங்க்கா."

"ஒண்ணுலயுமா?"

"உள்ளயே போனதில்லீங்க்கா. ஞாயித்துக்கிழமை பஸ் புடிச்சு கேட் வரைக்கும் போவேன். எல்லாரும் குடும்பத்தோட வர்றாங்க. நான் ஒருத்தன் தனியாப் போய் என்ன பண்றதுன்னு திரும்பி வந்துருவேனுங்க."

அன்புக்கரசி ரிசீவரை மாற்றிப் பிடித்தாள். கேட்க நினைத்ததை எல்லாம் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"ஏன் சாமி, ஊட்டுக்கு வரல?" என்று மட்டும் கேட்டாள்.

போனுக்கான காசு ரவிக்குமாருடையதுதான் என்றாலும் மாசாணம் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்கு மாமா சொன்னப்பவே அடக்கம் முடிஞ்சுபோச்சுன்னாங்க. அப்புறம் வந்தா அப்பா கட்டல் காலியா இருக்குமேங்க்கா. வராம இருந்தா, அவரு அங்க படுத்துக்கிட்டிருக்கற மாதிரியே நெனச்சுக்கலாம். நீங்க திட்டுவீங்கன்னு தெரியுமுங்க. திட்டுங்க."

அவள் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கட்டல் காலியா இல்ல கண்ணு. உன்ற மாமா அதுலதான் மத்தியானம் குறட்டை உடறாரு" என்றாள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அவன் சிரிப்பதும் அழுவதும் ஒரே சத்தமாகக் கேட்டது. "நாங்க வாரோம். உன்னைய உள்ள கூட்டிக்கிட்டுப் போறதுக்கு வாரோம். ஆனா நாங்க திரும்பறப்ப நீயும் கூட வரோணும். ஒரு மாசம் ஊட்டுல இருந்துபோட்டு அப்புறம் போ. சரியா?"

சரிங்க்கா என்றான்.

அன்று ராத்திரி சாப்பாடானதும் அன்புக்கரசி அந்த வண்ணப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். அதற்குப் பிறகு பயணத்தின் பொறுப்பு பிரான்சிஸின் கையை விட்டுப் போனது. சிவப்புக் கோட்டை முழுக்க மாற்றினாள். சுற்றுவது எதிலும் அவரை ஏற்றக் கூடாது, அவருக்குப் படகும் மெதுவாகப் போகும் ரயிலும் போதும் என்று தீர்மானித்தாள். பிரான்சிஸ் சின்னதாக ஒரு தடவை எதிர்த்துப் பார்த்தார். சண்முகப்ரியா அந்தியூர்ப் பொரியை நினைவுபடுத்தியதும் மனைவியிடம் பென்சிலை நீட்டிவிட்டார்.

வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. ஊட்டியில் சம்பந்தம் வைத்திருந்த ஒருத்தி மூன்று ஸ்வெட்டர் இரவல் வாங்கிக் கொடுத்தாள். ரவிக்குமாருக்குப் பிடிக்கும் என்று கொள்ளுப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்தார்கள். தை மாதம் பாஸ்போர்ட் வந்தது. விசாவுக்காகச் சென்னைக்குப் போனார்கள். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள், திரும்பி வந்துவிடுவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று தமிழில் கேட்டாள். பிரான்சிஸ் பட்டறைக் காகிதங்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அன்புக்கரசி, "என்ற தம்பியவே கூட்டிக்கிட்டு வரப் போறேனுங்க. நாங்க எதுக்குங்க அங்க இருக்கறோம்?" என்றாள். அந்த அம்மாள் அதைப் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரரிடம் சொல்ல, அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அன்புக்கரசியை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். விசா கிடைத்துவிட்டது.

மே மாதத்தில் போய் இறங்கினார்கள். ரவிக்குமார் இளைத்திருந்தான், காது மடலெல்லாம் சிவந்திருந்தது. விமான நிலையத்தில் அவன் அக்காவின் காலில் விழக் குனிய, அவள் பாதியிலேயே பிடித்து நிமிர்த்திக் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். சாப்பிடுகிறாயா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி.

அந்த வாரக் கடைசியில் பூங்காவுக்குப் போனார்கள். வாசலுக்கு வந்ததும் அவன் நடை தளர்ந்தது. பழக்கம்தான் காரணமோ என்னவோ, எல்லாரும் முன்னால் போகட்டும் என்பதுபோல் ஒதுங்கி நின்றான். அன்புக்கரசி அவன் கையைக் கோத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். செருப்புக்குள் சாக்ஸ் போட்டிருந்ததால் அவளுக்கு நடை கொஞ்சம் தடுமாறியது. அவளையும் அவன்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் மலைக்குள் ஓடும் ரயில். சண்முகப்ரியா முன்னால், அக்காவும் தம்பியும் பின்னால். இருட்டுக்குள் புகுந்து அது சரிந்து இறங்கியபோது ரவிக்குமார் தமிழில் கத்தினான். நாலு வருடமாக இந்த நாட்டில் யாரும் அவன் குரல் உயர்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். அன்புக்கரசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளிச்சத்துக்கு வந்த பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை. இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டதும் அவள்தான். பிரான்சிஸ் குகைப் படகில் திரும்பத் திரும்பப் போனார். படகை இழுக்கும் சங்கிலி தண்ணீருக்கு அடியில் எங்கே ஓடுகிறது என்று குனிந்து பார்த்து, காவலாளியிடம் திட்டும் வாங்கினார். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய குடையின் கீழ் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். ரவிக்குமார் டப்பாவை வழித்துத் தின்றான்.

பூங்காவை மூடும் நேரத்தில் வெளியே வந்து பஸ்ஸுக்காக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. கோயமுத்தூரில் விளக்கு வைத்து முடித்திருக்கும் நேரம் அது. இங்கே சூரியன் இறங்கவே மனமில்லாமல் மரங்களுக்கு மேலே நின்றது. பிரான்சிஸுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது, கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சண்முகப்ரியா மாமனின் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

அவள் தலைமயிரைக் கோதிக்கொண்டே ரவிக்குமார் பேசத் தொடங்கினான். வந்த முதல் குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்ததைச் சொன்னான். காய்ச்சலில் படுத்திருந்தபோது பக்கத்து அறைக் கிழவர் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதைச் சொன்னான். போனில் தகவல் வந்த அன்று பட்டறையில் மெஷினை நிறுத்தாமல் சாயங்காலம் வரைக்கும் வேலை செய்ததையும், பிறகு ஒரு பாலத்தின் மேல் வெகுநேரம் நின்றிருந்ததையும் சொன்னான். இதையெல்லாம் அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று அன்புக்கரசிக்குத் தெரிந்தது.

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. ரவிக்குமார் பேச்சை நிறுத்திவிட்டு எழப் பார்த்தான்.

"உக்காரு மாப்ள. அடுத்த பஸ்ல போலாம்" என்றார் பிரான்சிஸ். டிரைவரைப் பார்த்து, போகலாம் என்று கையைக் காட்டினார்.